பச்சைப் புள்ளி இருந்தும் சாப்பிட முடியாத கேக்... கைகொடுத்த தேங்காய்த் தண்ணீர்!

"முட்டை போடலைங்க, எக்லெஸ்தான். தைரியமா குடுங்க!"

எங்கள் அடுக்ககத்தில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டியவுடன் கேட்ட குரல் இது. கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் பக்கத்தில் இருக்கும் பழைய கட்டடம் எங்களுடையது. மொட்டை மாடியில் ஷாமியானா போட்டால் பாதித் தெருவே வந்துவிடும். அன்றும் அப்படித்தான். மூன்றாம் மாடிக் குழந்தைக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு முட்டையும் ஆகாது, பாலும் ஆகாது. அவள் அம்மா கீழே ஏதோ எடுக்கப் போயிருந்த இரண்டு நிமிடத்தில், யாரோ ஒருவர் அன்பாக ஒரு துண்டை ஊட்டிவிட்டார்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உதடு வீங்கியது. கழுத்திலிருந்து வயிறு வரை தடிப்பு. அவள் அம்மா கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் மருந்தைக் கொடுத்து, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினார். இரவு பதினொரு மணிக்குக் குழந்தை நன்றாகத் திரும்பி வந்தாள். நல்லவேளை.

மறுநாள் காலையில் குப்பைத் தொட்டி அருகே கேக் பெட்டி கிடந்தது. எல்லோரும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். "பச்சைப் புள்ளி போட்டிருக்கே... அப்புறம் எப்படி?"

எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை.

பச்சைப் புள்ளி எதைச் சொல்கிறது?

நம் வீடுகளில் 'சைவமா?' என்று கேட்டால், கறி, மீன், முட்டை இல்லையே என்றுதான் பொருள். பால் எப்போதும் சைவத்தோடு சேர்த்திதான். உணவுப் பொட்டலங்களில் இருக்கும் பச்சைப் புள்ளியும் அதே கணக்குதான். பால், தயிர், வெண்ணெய், பால் பவுடர், கண்டென்ஸ்டு மில்க் எல்லாம் இருந்தாலும் பச்சைப் புள்ளி போடலாம். முட்டையை எடுத்துவிட்டால் கேக் மிருதுவாக இருக்க வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமே! அந்த இடத்தில் பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கோ தயிரோ வந்து உட்காரும். ஆக, பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குச் சாதாரண கேக்கைவிட எக்லெஸ் கேக் இன்னும் மோசமாகக்கூட இருக்கலாம்.

பாலும் இல்லை, முட்டையும் இல்லை, தேன்கூட இல்லை என்றால் அதற்குப் பெயர் வீகன். தமிழில் 'நனிசைவம்' என்று எழுதுகிறார்கள். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கியபோது பிறந்த சொல் வீகன். நம் நாட்டில் இதற்கெனத் தனி அடையாளமே இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-ல் வீகன் உணவுக்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. பச்சைச் சதுரத்துக்குள் 'வி' என்ற ஆங்கில எழுத்தும் அதன் மேல் ஒரு சின்னத் துளிரும் இருக்கும். அதைப் பார்த்து வாங்கலாம். அதோடு, பொட்டலத்தில் அடைத்த பொருள்களில் பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை போன்றவை இருந்தால் அலர்ஜி எச்சரிக்கையாகத் தனியே அச்சிட வேண்டும் என்பதும் விதி. பொடி எழுத்தில்தான் இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

பேக்கரியில் வெட்டிக் கொடுக்கும் துண்டுக்கு லேபிள் ஏது? கேட்டுத்தான் ஆக வேண்டும். 'எக்லெஸா?' என்று கேட்காதீர்கள். 'பால், வெண்ணெய், பால் பவுடர் எதுவுமே இல்லையா?' என்று கேளுங்கள்.

இடையில் ஒன்று. பால் குடித்தால் வயிறு உப்புசம் ஆகிறது என்பது வேறு, பால் அலர்ஜி என்பது வேறு. முதலாவது, பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வருவது. இரண்டாவது, பாலில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போடுவது. 'கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாது' என்பது முதலாவதுக்கு ஒருவேளை பொருந்தலாம். இரண்டாவதுக்குப் பொருந்தவே பொருந்தாது. மாமியாரோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவோ பாசத்தில் ஊட்டிவிடுவதுதான் இந்தத் தாய்மார்களின் பெரிய பயம்.

"அக்கா, ஒரு கேக்..."

அடுத்த வருடம் அந்தக் குழந்தைக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. ஒரு வாரம் முன்பு அவள் அம்மா என் வீட்டு வாசலில் தயங்கி நின்றார்.

"அக்கா, நீங்க அடிக்கடி கேக் எல்லாம் போடுவீங்களே... பாலும் முட்டையும் இல்லாம ஒண்ணு பண்ண முடியுமா? இதுவரைக்கும் அவ தர்பூசணியைத்தான் வெட்டியிருக்கா. இந்த வருஷம் 'நிஜ கேக் வேணும்'கிறா."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். பாதாம் பால் வாங்கலாம் என்றால் அவளுக்குப் பருப்பு வகைகளைக் கொடுத்துப் பார்த்ததே இல்லையாம். சோயா பாலின் வாசனை பிடிக்காதாம். அன்று காலையில் சட்னிக்கு உடைத்த தேங்காயின் தண்ணீர் ஒரு டம்ளரில் மேடை மேல் இருந்தது. தேங்காய் அவளுக்கு ஒத்துக்கொள்ளும். தினமும் வீட்டில் சாப்பிடுவதுதான். 'இதுபோதுமே' என்று தோன்றியது.

முதல் கேக் படுதோல்வி. எனக்குத் தெரிந்த ஸ்பாஞ்சு கேக் குறிப்பில், பாலுக்கும் இரண்டு முட்டைக்கும் பதிலாகத் தேங்காய்த் தண்ணீரை ஊற்றினேன். வெளியே வந்தது செங்கல். என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டு, "அதிரசத்துக்கு ட்ரை பண்ணினியா?" என்றார்.

தப்பு தேங்காய்த் தண்ணீர் மேல் இல்லை, என் மேல்தான். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. அந்தப் புரதம்தான் சூட்டில் இறுகிக் கேக்கைத் தாங்கிப் பிடிக்கிறது. அடித்தால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதுதான். தேங்காய்த் தண்ணீரில் ஏறக்குறைய 95 சதவிகிதம் தண்ணீர். புரதம் ஒரு சதவிகிதம்கூடக் கிடையாது. 'முட்டைக்குப் பதில் தேங்காய்த் தண்ணீர்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பாலுக்குப் பதில், தண்ணீருக்குப் பதில், கொஞ்சம் சர்க்கரைக்கும் பதில். முட்டையின் வேலைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.

ஆப்பத்துக்குத் தெரிந்த ரகசியம்

அந்த ஆளைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் கீழ்வீட்டு மலையாளப் பாட்டி. அவருடைய கணவர் சினிமாவில் லைட் பிரிவில் வேலை பார்த்தவர். மலையாளப் படங்களே பெரும்பாலும் சென்னையில் எடுக்கப்பட்ட காலம் அது. வடபழனி, கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களை நம்பி வந்த குடும்பங்களோடு ஆப்பமும் கடலைக்கறியும் இந்தத் தெருக்களுக்கு வந்து சேர்ந்தன. செங்கல் கேக்கைப் பார்த்துவிட்டுப் பாட்டி சிரித்தார்.

"மோளே, தேங்காத் தண்ணியை அப்படியே ஊத்தினா என்ன பொங்கும்? முதல் நாளே சக்கரை போட்டு வெச்சிரணும். காலையில பாரு, நுரைச்சு நிக்கும்."

அவர் சொன்னது ஆப்பத்துக்கான வழி. கேரளத்திலும், நாகர்கோவில் பக்கத்திலும், இலங்கையிலும் ஆப்ப மாவைப் பொங்கவைக்கக் கள் ஊற்றுவது பழைய பழக்கம். கள்ளில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது. அது மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். ஆப்பத்தின் நடுவில் பஞ்சுபோல் இருக்கும் அத்தனை ஓட்டைகளும் அந்த வாயு போன வழிதான். கோவாவில் ரொட்டி சுடுகிறவர்களும் போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து இதே தென்னங்கள்ளைத்தான் ஈஸ்டுக்குப் பதில் ஊற்றினார்கள். தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளிக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்தபோது, பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்து ஊறவைத்த உள்ளூர்ச் சரக்கைக் கலந்தார் என்று சொல்லப்படுகிறது. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று கொண்டாடப்படுவது அதுதான். வெளிநாட்டுக் குறிப்பு, உள்ளூர்ப் புளிப்பு!

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. ஆப்பத்துக்கு என்றுகூட வாங்க முடியாது. அந்த இடத்தை நிரப்பும் ஒரு வழிதான் சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்த தேங்காய்த் தண்ணீர். தேங்காய்க்குள் இருக்கும்வரை அந்தத் தண்ணீர் சுத்தம். உடைத்த பிறகுதான் காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் ஈஸ்ட் வந்து குடியேறும். சென்னை வெயிலுக்கு ராத்திரி வைத்தால் காலையில் தயார்.

இன்னொரு வழி, நம் எல்லோர் அடுக்களையிலும் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது. அதன் பெயரை எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? ஆப்பசோடா. வெள்ளைக்காரர்கள் கேக்குக்குப் போடும் அதே சோடாவுக்கு நாம் ஆப்பத்தின் பெயரை வைத்துக் கூப்பிடுகிறோம். ஆப்பம் அவ்வளவு பழசு. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரைத் தெருவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழும் அப்ப வியாபாரிகள் வருகிறார்கள். 'கூவியர்' என்று அவர்களுக்குப் பெயர்.

அமெரிக்காவில் 1930-களின் பஞ்ச காலத்திலும் உலகப்போர் சமயத்திலும் முட்டை, பால், வெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, அங்கே இருந்த பெண்கள் ஆப்பசோடாவையும் வினிகரையும் மட்டும் வைத்து ஒரு சாக்லேட் கேக் செய்தார்கள். இன்றும் அது பிரபலம். வீகன் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே வந்த வீகன் கேக்! முட்டை தாங்கிப் பிடிக்கும் வேலையை அதில் மைதாவின் பசைத்தன்மையே பார்த்துக்கொள்ளும். வினிகரும் சோடாவும் சேர்ந்து பொங்கவைக்கும். அந்தக் குறிப்பில் தண்ணீர் ஊற்றும் இடத்தில் நான் தேங்காய்த் தண்ணீரை ஊற்றினேன். அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு.

இளநீரா, தேங்காய்த் தண்ணீரா?

இரண்டுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இளநீரில் சர்க்கரை சுமார் ஐந்து சதவிகிதம் வரை இருக்கும். காய் முற்ற முற்ற அது குறைந்து, நெற்றுத் தேங்காயில் இரண்டு சதவிகிதம் அளவுக்கு வந்துவிடும். ஆர்காடு ரோட்டில் காசு கொடுத்து வாங்கிய இளநீரைக் கேக்கில் ஊற்ற எனக்கு மனசு வராது. அதைக் குடித்துவிடுங்கள். கேக்குக்குச் சட்னித் தேங்காயின் தண்ணீரே போதும். பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் விடும்போது ரோட்டில் ஓடுகிற அதே தண்ணீர்தான்.

ஒரு முற்றிய தேங்காயில் அரை கப் அளவு கிடைக்கும். காதருகே ஆட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அந்தச் சத்தம்தான் கணக்கு. தினமும் உடைக்கும்போது வடிகட்டி ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்தால் ஒரு வாரத்தில் இரண்டு கேக்குக்குச் சேர்ந்துவிடும். சில சமயம் லேசான இளஞ்சிவப்பாக மாறும். காற்றுப்பட்டால் அதில் உள்ள என்சைம்கள் செய்யும் வேலை அது; பயம் வேண்டாம். ஆனால், தேங்காயின் உள்ளே பூஞ்சை தெரிந்தாலோ, அழுகிய வாசனை வந்தாலோ, தண்ணீர் கொழகொழவென்று இருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சூடுபண்ணினால் சரியாகிவிடும் என்ற கதையெல்லாம் வேண்டாம்.

கேக் செய்வோமா?

தேவையானவை (240 மி.லி. கப் அளவு): மைதா ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப், கோகோ பவுடர் 3 டேபிள்ஸ்பூன், ஆப்பசோடா 1 டீஸ்பூன் (தலைதட்டி), உப்பு கால் டீஸ்பூன், தேங்காய்த் தண்ணீர் 1 கப், வாசனையில்லாத எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கப், வினிகர் அல்லது எலுமிச்சைச்சாறு 1 டேபிள்ஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்.

மைதா, கோகோ, ஆப்பசோடா, உப்பு நான்கையும் இரண்டு முறை சலியுங்கள். சோடா ஒரே இடத்தில் கட்டியாக நின்றால் அந்தத் துண்டு சோப்பு மாதிரி இருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். இன்னொரு பாத்திரத்தில் தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து, எண்ணெயும் வெனிலாவும் சேர்த்து நன்றாக அடியுங்கள். எட்டு அங்குல டின்னில் எண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் போட்டுத் தயாராக வையுங்கள். (பெயர்தான் பட்டர் பேப்பர், அதில் வெண்ணெய் கிடையாது. அந்த அம்மா பயந்தே போய்விட்டார்!)

அடுப்பு சூடான பிறகுதான் ஈரமும் உலர்ந்ததும் சேர வேண்டும். கலந்து, கடைசியாக வினிகரை ஊற்றி, மாவு ஒன்றுசேரும் வரை மட்டும் கிளறுங்கள். குமிழ் வரும். அந்தக் குமிழ் அடங்குவதற்குள் டின் உள்ளே போய்விட வேண்டும். 'சீரியல் முடியட்டும்' என்று வைத்துவிட்டால் மறுபடியும் செங்கல்தான். தேங்காய்த் தண்ணீருக்கே லேசான புளிப்பு உண்டு என்றாலும், சோடாவை எழுப்ப அது போதாது. அதனால் வினிகரை விட்டுவிடாதீர்கள்.

அவன் இருந்தால் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். இல்லாவிட்டால் குக்கர் போதும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு கப் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி பத்து நிமிடம் சூடுபடுத்துங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. பிறகு டின்னை வைத்து, சிறு தீயில் 40 முதல் 50 நிமிடம். முதல் அரை மணி நேரம் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். முழுதாக ஆறிய பிறகுதான் டின்னிலிருந்து கவிழ்க்க வேண்டும். முட்டை இல்லாத கேக் சூட்டில் உடையும்.

மேல்பூச்சுக்கு, பால் சேராத டார்க் சாக்லேட் 100 கிராமை, சூடாக்கிய கெட்டியான முதல் தேங்காய்ப்பால் கால் கப்பில் உருக்கிக் கலந்து தடவுங்கள். டார்க் சாக்லேட் என்று எழுதியிருந்தாலே பால் இல்லை என்று நினைக்காதீர்கள். பொடி எழுத்து, ஞாபகம் இருக்கிறதா?

பாட்டியின் ஆப்பம் வேண்டுமென்றால்: ஒரு கப் தேங்காய்த் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டு, துணியால் மூடி 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள். நுரைத்த பிறகு, ஊறவைத்த பச்சரிசி இரண்டு கப், சாதம் அரை கப், தேங்காய்த் துருவல் அரை கப் ஆகியவற்றை இந்தத் தண்ணீர் விட்டே அரைத்து, இன்னொரு இரவு பொங்கவிட வேண்டும். காலையில் உப்பு போட்டு ஆப்பச்சட்டியில் ஊற்றலாம். ஆப்பசோடா தேவையே இல்லை. பொதுவாக இதில் பாட்டிக்குத்தான் ஜெயம். என் ஆப்பம் இன்னும் ஓரம் முறுகாமல் தகராறு செய்கிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும் என்பதால் தேங்காய்த் தண்ணீர் குடிப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு கப்பில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு கேக்கை எட்டுத் துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு 75 மில்லிகிராம் வரும். அபூர்வமாகச் சிலருக்குத் தேங்காயே அலர்ஜி ஆவதும் உண்டு. 'ஆரோக்கிய கேக்' என்றும் நான் சொல்லமாட்டேன். மைதாவும் சர்க்கரையும் இருக்கிறதே! பிறந்தநாளுக்குச் செய்யுங்கள், தினமும் வேண்டாம்.

ஏழாவது பிறந்தநாள்

நான்காவது முயற்சியில் கேக் சரியாக வந்தது. பிறந்தநாளன்று பாத்திரம், கரண்டி, டின் எல்லாவற்றையும் தனியாகத் தேய்த்து வைத்தேன். நெய் தடவிய கத்தியால் வெட்டினால்கூட வம்பு என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். மொட்டை மாடியில் அதே ஷாமியானா. இந்த முறை வேறு கேக்கே கிடையாது. வந்திருந்த முப்பது பேருக்கும் இதுதான். எப்போதும் தனி டப்பாவில் தனி தின்பண்டத்தோடு ஓரமாக உட்கார்ந்திருக்கும் குழந்தை அன்று நடுவில் நின்றாள்.

கத்தியைப் பிடித்தவள் வெட்டாமல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, இதை நான் சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம்டா."

"எல்லாருக்கும் நானே ஊட்டலாமா?"

முதல் துண்டு அம்மாவுக்கு, இரண்டாவது பாட்டிக்கு. மூன்றாவதாக எனக்கு ஊட்டிவிட்டு, கையில் ஒட்டியிருந்த சாக்லேட்டை நக்கிக்கொண்டே கேட்டாள்: "ஆன்ட்டி, அடுத்த வருஷம் ஸ்ட்ராபெர்ரி பண்ணுவீங்களா?"

ஃப்ரீசரில் ஐஸ் ட்ரே நிரம்பிக்கொண்டிருக்கிறது.